எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேளுங்கள்

நம் ஓட்டப் பயிற்சி மையத்தில் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு,

நான் வேலையை விட்டுப் போகும் அன்று என்னை மேடையேற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எல்லோருக்கும் வணக்கம் என்றேன். அதோடு மைக்கைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். பிள்ளைகள் கைதட்டி, என்னைக் காப்பாற்றி, கீழே இறக்கிவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். வாக்கியம் இங்கே அங்கே இழுத்துக்கொண்டு போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலை பார்க்கப் போகும் அறைக்கு வெளியே ரிக்கவரி ரூம் என்று பலகை மாட்டியிருக்கிறது. பிள்ளைகள் அதைக் கால் ரூம் என்பார்கள். நான் அதைப் பெருக்கித் துடைக்கத்தான் சேர்ந்தேன். உத்திரமேரூர் ஏரிக்கரை மேல் ஓடிவிட்டுப் பிள்ளைகள் மண்காலோடு வருவார்கள், நான் பின்னாலேயே துடைத்துக்கொண்டு போவேன். ஒரு நாள் பிசியோ மேடம் ஒரு பிள்ளையின் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவர், இன்னொரு காலை என்னிடம் பிடிக்கச் சொன்னார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிடித்தேன். மேடம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கை அவசரப்படலம்மா. நாளையிலேர்ந்து இந்தத் துடைப்பத்தை வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்றார்.

அந்த ஒரு பேச்சில்தான் என் பிழைப்பு மாறியது. எத்தனையோ பேர் எத்தனையோ உதவி செய்திருக்கிறார்கள், எனக்கு அந்தப் பேச்சுக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

எனக்கு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. பஸ்ஸில் சில்லறை பாக்கி கேட்கக்கூட வெட்கம், விட்டுவிட்டு இறங்கிவிடுவேன். ஆனால் கால்களைப் பார்க்க வெட்கமே கிடையாது. முகம் சிரித்துக்கொண்டே பொய் சொல்லும். கால் அப்படிச் செய்யாது. ஓடிவிட்டு வரும் பிள்ளை வாசற்படியில் எந்தக் காலை முதலில் எடுத்து வைக்கிறாள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். இந்த வேலை என் கூச்சத்துக்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது.

எப்படி உருட்டுவது, எவ்வளவு நேரம் உருட்டுவது என்பதெல்லாம் மேடம் சொல்லிக் கொடுப்பார். எதை எடுப்பது, எதை எடுக்காமல் இருப்பது என்பது பற்றி மட்டும் நான் எழுதுகிறேன்.

நான் சேர்ந்தபோது அந்த அறையில் ரோலர் கிடையாது. சமையற்கட்டிலிருந்து பூரிக்கட்டையைக் கொண்டுவந்து தொடையில் உருட்டுவோம். சாயந்திரமானால் சமையல்காரம்மா அதைத் தேடிக்கொண்டு வருவார்.

"உங்க தொடையில உருட்டுன கட்டையில நான் பூரி தேய்க்கணும். அத்த துன்னுட்டு நீங்க ஓடிடுவீங்கடி, நான் எங்க ஓடறது?" என்பார்.

பிறகு ஒரு நாள் கறுப்பாக, உருளையாக, பஞ்சு மாதிரி ரோலர் வந்தது. பிள்ளைகள் அதன்மேல் படுத்துப் புரளுவதைச் சமையல்காரம்மா சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பூரிக்கட்டை தப்பித்ததே என்று கற்பூரம் ஏற்றாத குறைதான். அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. பாதத்துக்கடியில் வைத்து உருட்டப் பந்து. ஐஸ் போட்டு இடுப்பளவு உட்கார நீலத் தொட்டி. முழங்கால் வரைக்கும் இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸ். கடைசியாக வந்தது, தடதடவென்று அடிக்கிற அந்த மசாஜ் மிஷின். பிள்ளைகள் அதைத் துப்பாக்கி என்பார்கள். அது வந்த வாரம் கால் ரூமில் கல்யாணப் பந்தி மாதிரி வரிசை நின்றது. நல்ல காலுக்கும் அடித்துக்கொண்டார்கள்.

மேடம் அன்று என்னிடம் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன். வருகிற பிள்ளையிடம், என்ன ஆச்சு, ஏன் ஆச்சு என்று கேட்காதீர்கள். எங்கே வலிக்கிறது, காட்டு என்று மட்டும் கேளுங்கள். அவள் உள்ளங்கையால் தடவிக் காட்டினால் அது பெரும்பாலும் தசை வலி, உருட்டலாம், நீவலாம், தொட்டியில் உட்கார வைக்கலாம். ஒற்றை விரலை எலும்புமேல் வைத்து, இங்கேதான் என்று காட்டினால், எந்தச் சாமானையும் எடுக்காதீர்கள், என்னைக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான். மேடம் இதைச் சொல்லி முடித்துவிட்டு, துப்பாக்கியை எடுத்து மேல் தட்டில் வைத்தார். கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் இருந்தால் யோசிப்பதற்குள் எடுத்துவிடுவோம் என்றார். இன்றும் அது மேல் தட்டில்தான் இருக்கும். கீழே இறக்காதீர்கள்.

இனிமேல் கோகிலா விஷயம்.

கோகிலா மானாம்பதியைத் தாண்டி ஒரு சின்ன ஊர்ப் பெண். நீள ஓட்டம் ஓடுவாள். மெலிந்த உடம்பு, நீண்ட கால்கள். வாயும் கொஞ்சம் நீளம். அவள் அப்பா உத்திரமேரூரில் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அம்மா நடவு, களை என்று போகிறவர். அந்த வருஷம் அப்பா லாரியிலிருந்து மூட்டையோடு விழுந்து முதுகில் அடிபட்டுப் படுத்திருந்து, பிறகு மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். இனிமேல் மூட்டை தூக்க முடியாது. அந்த நேரத்தில்தான் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலைக்கு ஓட்டத் தேர்வு வந்தது. நம் மையத்திலிருந்து, ஓட்டம் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர் கோகிலாவின் பேரைக் கொடுத்திருந்தார். அவள் ஓடி முன்னால் வந்தால் அந்த வீடு நிமிரும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தேர்வு நெருங்க நெருங்க அவள் கால்கள் தேறாமல் போயின. மற்ற பிள்ளைகள் முந்தின நாள் ஓட்டத்தை மறுநாள் மறந்துவிடுவார்கள். இவள் காலையில் படியிறங்கும்போதே கம்பியைப் பிடிப்பாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் உள்ளங்கையால்தான் காட்டுவாள். இன்று தொடை, நாளைக்குக் கெண்டைக்கால், மறுநாள் அந்தப் பக்கத்துத் தொடை. ரோலர் போட்டோம், நிற்கவில்லை. தொட்டியில் உட்கார்ந்தாள், அன்றைக்குச் சரி, மறுநாள் பழையபடி. சாக்ஸை மாற்றினோம். எண்ணெய் தேய்த்து நீவிவிடுகிறேன் என்று கிண்ணத்தை எடுத்தால் மட்டும் காலை இழுத்துக்கொள்வாள்.

"எண்ண வாணாம் ஆயாம்மா. பிசுபிசுன்னு கீது" என்பாள்.

கடைசியில் துப்பாக்கியையும் மேடமே இறக்கி, தசை பார்த்துப் பார்த்து வைத்தார். அதுவும் பலிக்கவில்லை. மாஸ்டர் பட்டணத்திலிருந்து இன்னும் ஏதோ ஒன்று, காலைச் சுற்றிக் காற்றடிக்கிற பை, வரவழைக்கலாமா என்று கேட்டார். நாம் சாமானை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், விஷயம் சாமானில் இல்லையோ என்னவோ என்றார் மேடம். என் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்கதான் மெஸ்லயும் ரூம்லயும் அவங்ககூட இருக்கீங்க. அவ என்ன சாப்பிடுறா, எப்படித் தூங்குறான்னு கொஞ்சம் பாருங்க" என்றார்.

பெண்களே, ரோலரும் தொட்டியும் துப்பாக்கியும் பிறகு வருபவை. சோறும் தூக்கமும்தான் முதல் சாமான். அதை அன்று மேடம் சொல்லித்தான் நான் அறிந்தேன்.

பார்த்தேன். காலையில் தட்டோடு உட்காருவாள், இட்லியைப் பக்கத்துப் பிள்ளையின் தட்டுக்குத் தள்ளுவாள். முட்டை எங்கே போகிறது என்றே தெரியாது. மத்தியானம் ஒருவேளை மட்டும் குழம்பை ஊற்றி நன்றாகச் சாப்பிடுவாள். ராத்திரிக்குப் பசிக்கவில்லை என்பாள். கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்தது. தரையில் ஒரு துணியை விரித்துப் படுப்பாளாம். கேட்டதற்கு வெக்கையாக இருக்கிறது என்றாளாம். வைகாசி வெயில், யாரும் சந்தேகப்படவில்லை.

மறுநாள் அவள் ஐஸ் தொட்டியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கையை மட்டும் தண்ணீரில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் எப்போதும் போடுகிற வியர்வைப் பட்டை. வெள்ளைப் பட்டை. அதன் ஓரத்தில் மஞ்சள் கசிந்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியும். உள்ளே காப்பு.

வேறு ஊர்ப் பெண்கள் உங்களில் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதி நடக்கும். தீயில் இறங்குகிறவர்கள் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டிய நாளிலிருந்து எண்ணெய் கூடாது, கறி, மீன், முட்டை என்று எந்தக் கவிச்சியும் கூடாது, மெத்தை கூடாது, சோறு ஒருவேளைதான். இந்தப் பெண் அத்தனையும் காத்துக்கொண்டு, தினம் ஏரியைச் சுற்றி ஓடியும் வந்திருக்கிறாள்.

மற்ற பிள்ளைகள் போன பிறகு பட்டையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்பா படுத்திருந்தபோது அம்மா நேர்ந்துகொண்டாராம், அவர் எழுந்து நடந்தால் என் பொண்ணு உன் தீயில் இறங்குவாள் என்று. அப்பா எழுந்துவிட்டார். தீமிதி முடிந்து ஒரு நாள் விட்டு மறுநாள் காலையில் தேர்வு.

"யார்கிட்டயும் சொல்லாத ஆயாம்மா. மாஸ்டருக்குத் தெரிஞ்சா பேர எடுத்துடுவாரு. எறங்காம வுட்டா எங்கப்பாவுக்கு மறுபடியும் எதுனா ஆயிடும்" என்றாள்.

சும்மா இருப்பது எனக்குக் கைவந்த வேலை. வாழ்நாள் முழுக்கச் சும்மா இருந்தவள்தான் நான். சொல்ல மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அந்தக் கால்கள் என் கண்ணெதிரே தொட்டிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஐஸால் வந்த நடுக்கம் மட்டும் இல்லை அது.

"சொல்ல மாட்டேன்னு சொல்ல மாட்டேன் கண்ணு. உனக்குப் பின்னால சொல்ல மாட்டேன். உன்ன வெச்சிக்கினுதான் சொல்லுவேன்" என்றேன்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கால் ரூமில் பிள்ளைகள் ஆயிரம் சொல்வார்கள், உடம்பு தளரும்போது வாயும் தளரும். அத்தனையையும் மேடத்திடம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. உடம்புக்கு ஆகாததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போதும் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். மேடம் என்ன செய்தார் தெரியுமா? திட்டவில்லை. மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் வேறு சாமி கும்பிடுகிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எது எது கூடாதுன்னு சொல்லு" என்று கேட்டார். அவள் சொன்னாள். "சரி. எது எது கூடும்?" என்றார். அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. யோசித்து யோசித்துச் சொன்னாள். பால் கூடும். பழம் கூடும். இளநீர், வேர்க்கடலை, வெல்லம் கூடும். கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழ் அம்மன் பிரசாதம், அதை எத்தனை சொம்பு குடித்தாலும் குற்றமில்லை.

மேடம் சிரித்துவிட்டார். "இவ்வளவு சாப்பாட்ட விரதத்துக்குள்ளயே வெச்சிக்கிட்டு ஏம்மா பட்டினி கெடக்குற?"

சாமான்களையும் அப்படியே பார்த்தோம். எண்ணெய் கூடாதென்றால் ரோலர் இருக்கிறது, துணிமேல் உருட்டலாம். தொட்டியும் சரிதான், தண்ணீரில் முழுகாதே என்று எந்த அம்மன் சொல்லும்? தரையில் படுக்கலாம், ஆனால் மத்தியானமும் ஒரு தூக்கம். துப்பாக்கி மேல் தட்டுக்கே போனது. இரண்டு மூன்று நாளில் கோகிலா கம்பியைப் பிடிக்காமல் படி இறங்கினாள். சமையல்காரம்மா வேர்க்கடலையை வேகவைத்து வேகவைத்து, ஓடுகிற பெண்ணா இது, அணில் மாதிரி கொறிக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

கால் தேறியது. தீ அப்படியே இருந்தது.

மாஸ்டரிடம் கோகிலாவை வைத்துக்கொண்டு சொன்னோம். அவர் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தன் அக்கா வருஷா வருஷம் இறங்குகிறவள்தான் என்றார். தீமிதி வேண்டாம் என்று சொல்லத் தனக்கு வாய் வராது, பாதம் பொத்துப்போன பிள்ளையை ஓட்டக் கோட்டில் நிறுத்தவும் மனசு வராது, இரண்டில் எது என்று அவளே சொல்லட்டும் என்றார். கோகிலா யோசிக்கவே இல்லை. இறங்குவேன் என்றாள். வேலைக்கு அடுத்த வருஷம் ஓடிக்கொள்ளலாம், அப்பாவுக்கு அடுத்த முதுகு கிடையாது என்றாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. அதுதான் என்னவோ செய்தது.

மேடமும் நானும் அவளைக் கூட்டிக்கொண்டு அவள் ஊருக்குப் பஸ் ஏறினோம். போய் என்ன செய்யப் போகிறோம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. கோகிலாவின் அம்மா வயலிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார், கணுக்காலில் சேறு காயவில்லை. மகளுக்குத் துணையாக அவரும் காப்புக் கட்டாமலே ஒருபொழுதுதானாம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றார். நான் சொல்வதற்கு என்ன இருக்கிறது, பூசாரியைக் கேளுங்கள் என்றார்.

கோயில் பூசாரி மற்ற நாட்களில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கோயில் வேப்பமரத்தடியில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் போய் நின்றோம். மேடம் என்னைப் பார்த்தார். நான் பேசினால் தப்பாகிவிடும், நீங்கள் பேசுங்கள் என்று அந்தப் பார்வையில் இருந்தது. பூசாரியின் காலைப் பார்த்துக்கொண்டே பேசினேன்.

"சாமி, நேந்துக்கினவங்க ஒருத்தரு, எறங்குறவங்க ஒருத்தருன்னு இருந்தா, அத்த மாத்திக்கலாமா?"

அவர் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தார். கோகிலாவை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் அவருக்கு முன்பே எட்டியிருக்க வேண்டும். அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நேந்துக்கினது யாரு?"

"நான்தான் சாமி."

"வாயி உன்னுது. காலு மட்டும் பொண்ணுதா?"

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் இறங்குகிறேன் என்றார். கோகிலாதான் அழுதாள்.

"உனக்குச் சுட்டுதுன்னா?"

"எனக்கு எதுக்குடி சுடப்போவுது? சேத்துல நின்னு நின்னு மரத்துப்போன காலு. நெருப்புதான் பாவம்" என்றார் அம்மா.

பூசாரி மகளுடைய காப்பை அவிழ்த்து மஞ்சள் தண்ணீரில் போட்டுவிட்டு, புதுக் கயிற்றை அம்மாவின் கையில் கட்டினார். கூடவே, பொண்ணு ஜெயித்து வந்தால் அம்மனுக்கு ஒரு வேளைக் கூழ் ஊற்ற வேண்டும் என்றும் சொல்லிவைத்தார். அவரும் சும்மா விடவில்லை.

தீமிதி அன்று பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றோம். கோகிலா என் கையைப் பிடித்திருந்தாள். ஓடுகிற பிள்ளைகளுக்குக் கை இவ்வளவு பலமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கரகம் முன்னால் இறங்கியது. பின்னால் வரிசையாக ஆட்கள். மஞ்சள் புடவையில் அந்த அம்மா ஓடவில்லை, வரப்புமேல் நடக்கிற மாதிரி நடந்து தீயைத் தாண்டி, கடைசியில் பால் ஊற்றியிருக்கும் குழியில் நின்றார். மகளைப் பார்த்துச் சிரித்தார். கூட்டம் கோவிந்தா போட்டது.

எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். நான் காலைப் பார்த்தேன். மற்றவர்கள் பால் குழியில் காலை வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். இவர் நின்றார். பின்னால் வந்தவர் தோளைத் தட்டிய பிறகுதான் நகர்ந்தார். நகர்ந்தபோது இடது பாதத்தின் வெளி ஓரத்தில் ஊன்றி நடந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. கால் பொத்துப்போனால் விரதத்தில் குறை, அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை என்பார்கள். அதனால் சுட்டாலும் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த அம்மா உயிர் போனாலும் சொல்ல மாட்டார். கோகிலாவுக்குத் தெரிந்தாலோ, தன்னால்தான் என்று அவள் ஓட்டக் கோட்டில் நிற்கவே மாட்டாள். வேலை, வீடு எல்லாம் அந்தப் பாதத்தின் ஓரத்தில் நின்றது.

அவர்கள் வீட்டுக்கு வந்ததும், மகளை மேடத்தோடு வாசலில் பேச விட்டுவிட்டு, நான் வீட்டுக்குப் பின்பக்கம் போனேன். அந்த அம்மா துவைக்கிற கல்மேல் தனியாக உட்கார்ந்திருந்தார். வரும் வழியில் சோடா கடையில் ஐஸ் கட்டி கண்ணில் பட்டிருந்தது, வாங்கவில்லை. தீச்சூட்டுக்கு ஐஸ் ஆகாது, ஓடுகிற பச்சைத் தண்ணீர்தான் என்று மேடம் சொல்லியிருந்தார். அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுட்டுவிட்டதா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

"எங்க வலிக்குதுன்னு மட்டும் காட்டும்மா" என்றேன்.

வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு காலைத் திருப்பி, பெருவிரலுக்குக் கீழே ஒற்றை விரலை வைத்தார்.

பொறுமையாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். குடம் தீர்ந்தால் மறுபடியும் அடித்துக்கொண்டு வந்தேன். கொப்புளத்தை உடைக்கவில்லை. எதையும் பூசவில்லை. சுத்தமான வெள்ளைத் துணியைத் தளர்வாகச் சுற்றினேன். கிளம்பும்போது மேடத்தைத் தனியாகக் கூப்பிட்டு, அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன். மேடம் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு, காலையில் பெரியாஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும் என்றார். மறுநாள் கோகிலா மாஸ்டரோடு தேர்வுக்கு வண்டி ஏறிப் போனாள். அவள் போன பிறகு நான்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நர்ஸ் எப்படி ஆச்சு என்று கேட்டார். அடுப்பில் பட்டுவிட்டது என்றார் அந்த அம்மா. நர்ஸ் அவர் கையிலிருந்த காப்பைப் பார்த்தார், பெரிய அடுப்பாக இருக்கும்போல என்றார், அதற்கு மேல் கேட்காமல் நன்றாகக் கட்டுப்போட்டு அனுப்பினார். அந்த நர்ஸுக்கும் நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

கோகிலா ஓடினாள். முதலாவதாக வரவில்லை, ஆனால் வேலைக்கு எடுக்கிற பேரில் வந்துவிட்டாள். சேதி வந்தபோது சமையல்காரம்மா வேர்க்கடலைதான் ஓடியது என்றார்.

வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா மையத்துக்கு வந்தார். பார்க்க வரும் அம்மாக்கள் எப்போதும் கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். இவரும் அங்கேதான் உட்கார்ந்தார். கோகிலா ஓடிவந்து காலில் விழுந்தாள். விழுந்தவள் எழவில்லை. கட்டு அவள் கண்ணுக்கு நேராக இருந்தது.

முள் குத்திவிட்டது என்றார் அம்மா.

அவள் கத்துவாள், அழுவாள், ஏன் மறைத்தீர்கள் என்று என்னைக் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவைக் கைத்தாங்கலாகக் கால் ரூமுக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள். செருப்பை எங்கே விடுவது என்று அம்மா தயங்கினார். போட்டுக்கொண்டே வா என்றாள். தான் எப்போதும் உட்காரும் மேடையில் அம்மாவை உட்கார வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தாள்.

"எங்க வலிக்குதுன்னு காட்டும்மா."

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். முதலில் பாதத்தைக் காட்டினார், விரலால். பிறகு முழங்காலைத் தடவினார், உள்ளங்கையால். பிறகு இடுப்பு. பிறகு தோள்பட்டை. பிறகு கை அந்தரத்தில் நின்றது. இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

"எங்கன்னு காட்டச் சொல்ற?" என்றார்.

கோகிலா எழுந்து போனாள். தொட்டிப் பக்கம் போகவில்லை. மேல் தட்டைப் பார்க்கவே இல்லை. சமையற்கட்டுக்குப் போய்ப் பூரிக்கட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். காயம் பட்ட காலை விட்டுவிட்டு, அந்தப் பக்கத்துத் தொடையில், புடவைக்கு மேலேயே, மெல்ல உருட்டத் தொடங்கினாள். ஐயோ கூசுதுடி என்று அம்மா நெளிந்தார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டார். பட்டப்பகலில் அவர் தூங்கி நான் பார்த்தேன் என்று சொன்னால் அவர் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

மேடம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரத்திலிருந்து, ஞாயிற்றுக்கிழமை கால் ரூம் அம்மாக்களுக்கு என்று சொல்லிவிட்டார். எழுதி ஒட்டவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்தடியைப் பாருங்கள். உட்கார்ந்திருப்பார்கள். அவர்களாக வரமாட்டார்கள், நீங்கள்தான் போய்க் கூப்பிட வேண்டும். எனக்கு ஒன்றுமில்லை, பொண்ணுக்குப் பாருங்கள் என்பார்கள். எங்கே வலிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். காட்டத் தெரியாமல் கையை விரித்தால் அவசரப்படாதீர்கள், உட்கார வையுங்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்துகொள்வார்கள், அதை எடுக்க வேண்டாம். பூரிக்கட்டை போதும்.

கழுவித் துடைத்துச் சாயந்திரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சமையல்காரம்மா இன்னும் அதே அம்மாதான்.